வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றணுமா? - ஒரு ரப்பர் பட்டையின் வரலாறு

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஹைதராபாத்தில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கு இரண்டு கவலை. ஒன்று, ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் தொங்குவது. இன்னொன்று, சரி காரிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்து வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால் அவர் நீட்டும் பட்டியல். போன மாதம் மட்டும் எனக்கு மூன்று ஃபோன். மூன்று பேரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "டைமிங் பெல்ட் மாத்தணும்னாங்க, சரின்னேன். இப்ப வாட்டர் பம்ப், டென்ஷனர், ஆயில் சீல் எல்லாத்தையும் சேத்து மாத்தணும்கறாங்க. பம்ப் நல்லாத்தானே ஓடுது? ஏமாத்தறாங்களா?"

மெக்கானிக்கல் படித்துவிட்டு இருபது வருடமாகக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் ஆசாமி என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம் வந்து சேரும். (படித்த படிப்பு இதற்காவது உதவுகிறதே!) பதில் ஒரு வரிதான்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை, சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஆனால் "ஏன்?" என்று கேட்டால் ஒரு வரியில் முடியாது. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சாமானை, ஓடும்போதே கழற்றிக் குப்பையில் போடச் சொல்லும் இந்தப் பழக்கம் நம் ஊருக்கு எப்போது, யாரோடு வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த பெல்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. மேலே கேம் ஷாஃப்ட் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒரு பல்கூடத் தப்பக்கூடாது. இரண்டையும் பிணைத்து வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட், அதாவது உள்பக்கம் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. இஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. மணிக்கு சராசரி 40 கி.மீ., இஞ்சின் சராசரி 2000 ஆர்பிஎம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு லட்சம் கி.மீ. ஓடி முடிப்பதற்குள் கிராங்க் 30 கோடி சுற்று சுற்றியிருக்கும். அத்தனைக்கும் பல் தப்பாமல் ஈடுகொடுப்பது ஒரு விரல் அகல ரப்பர்.

இந்த ரப்பர் வருவதற்கு முன் காலம் எப்படி இருந்தது? சௌமஹல்லா அரண்மனைக்குப் போனவர்கள் அங்கே மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் ஆர்டர் செய்த சில்வர் கோஸ்ட். கார் வருவதற்கு முன்பே, 1911-ல், அவர் காலமாகிவிட்டார். அந்தக் காரில் பெல்ட் கிடையாது. 1932-ல் நிஜாம் ரயில்வே 27 பேருந்துகளோடு ஆரம்பித்த பஸ் சர்வீஸிலும் கிடையாது. நாமெல்லாம் ஏறி ஊர்ந்த அம்பாசடரிலும் பிரிமியர் பத்மினியிலும்கூடக் கிடையாது. அவற்றில் கேம் ஷாஃப்ட் கீழே, கிராங்குக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும். ஒரு சாண் செயின் போதும். அங்கிருந்து நீளமான கம்பிகள் (புஷ் ராடு என்பார்கள்) மேலே போய் வால்வைத் தள்ளும். செயின் ஆயிலில் குளித்துக்கொண்டே ஓடும். தேய்ந்தால் சலசலவென்று சத்தம் போடும். போட்டுக்கொண்டே இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்.

இந்த "சத்தம் போடும்" என்பதுதான் முக்கியம். அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் காதால் வேலை செய்தவர்கள். நான் வண்டி விடும் உஸ்தாத் (ஹைதராபாத்தில் தலைமை மெக்கானிக்கை இப்படித்தான் கூப்பிட வேண்டும், பாய் என்றால்கூட அவ்வளவு மரியாதை இல்லை) பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். அவருடைய உஸ்தாத் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை இஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த பேரிங் என்று சொல்வாராம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போல. சத்தம் வந்தால் பிரி, வராவிட்டால் தொடாதே. இதுதான் பாடம். வண்டிக்காரரும் அதே கட்சி. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்.

சரி, ரப்பர் பட்டைக்கு வருவோம். இது காருக்காகப் பிறந்ததே இல்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பிறந்தது தையல் மிஷினுக்கு! நம் வீடுகளில் அம்மாவோ பாட்டியோ மிதித்த சிங்கர் மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், நடுவே ஒரு தோல் பெல்ட். தளர்ந்துவிட்டால் அப்பா ஒரு துண்டு வெட்டி, கம்பிக் கொக்கி போட்டு மறுபடி இணைப்பார். அந்த பெல்ட் வழுக்கினால் ஒன்றும் குடி முழுகாது, தையல் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஆனால் மிஷினுக்குள்ளே ஊசியும் கீழே பாபினும் ஒன்றுக்கொன்று நேரம் தப்பக்கூடாது. தப்பினால் நூல் பின்னாது. வழுக்காத பெல்ட் வேண்டும். 1940களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேஸ் என்ற பொறியாளர் சிங்கர் மிஷினுக்காகச் செய்ததுதான் பல் வைத்த பெல்ட். ஊசிக்கும் பாபினுக்கும் இருந்த அதே பிரச்சினைதான் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் என்று கார்க்காரர்களுக்கு உறைக்க இன்னும் பத்துப் பதினைந்து வருடம் பிடித்தது.

1950களின் நடுவில் கலிஃபோர்னியாவில் பில் டெவின் என்பவர் தன் ரேஸ் காரில் கேம் ஷாஃப்ட்டை ஓட்ட இந்த பெல்ட்டைப் போட்டுப் பார்த்தார். ஆனால் கடையில் விற்ற காரில் முதலில் போட்டது ஜெர்மனியில், பவேரியா மாநிலத்து டிங்கோல்ஃபிங் என்ற சிற்றூரில் இருந்த ஹான்ஸ் கிளாஸ் கம்பெனி. இவர்கள் விதை விதைக்கும் மிஷின் செய்துகொண்டிருந்தவர்கள்! போருக்குப் பின் ஸ்கூட்டர், பிறகு கோகோமொபில் என்ற குட்டிக் கார், அப்புறம் 1961-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் கிளாஸ் 1004. அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. கேம் ஷாஃப்ட் மேலே, அதை ஓட்டப் பல் வைத்த ரப்பர் பெல்ட். பெரிய கம்பெனிகள் சிரித்திருக்கலாம். கிளாஸ் கம்பெனியை 1960களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூ வாங்கிப் போட்டுவிட்டது. இன்று டிங்கோல்ஃபிங்கில் இருப்பது பிஎம்டபிள்யூவின் பெரிய ஆலைகளில் ஒன்று.

கிளாஸ் போட்ட விதை மற்ற இடங்களில் முளைத்தது. 1966-ல் அமெரிக்காவில் போன்டியாக், அதே வருடம் இத்தாலியில் ஃபியட். ஃபியட்டுக்கு அந்த இஞ்சினை வரைந்தவர் முன்பு ஃபெராரியில் இருந்த ஆரேலியோ லாம்ப்ரெடி. 1969-ல் ஃபியட் 128 வந்தபோது பெல்ட் சாதாரண குடும்பக் காருக்கும் வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. ஃபியட் இத்தாலியில் பெல்ட்டுக்கு மாறிய பிறகும், பம்பாயில் அதே ஃபியட்டின் பழைய 1100 பத்மினி என்ற பெயரில் செயினும் புஷ் ராடுமாக இன்னும் முப்பது வருடம் வந்துகொண்டிருந்தது. லைசென்ஸ் ராஜ் நமக்குச் செய்த பல "உதவிகளில்" ஒன்று :-)

கார்க்காரர்கள் ஏன் செயினை விட்டார்கள்? பெல்ட் மலிவு, எடை குறைவு, சத்தம் கிடையாது, ஆயில் வேண்டாம். கேம் ஷாஃப்ட் மேலே போய்விட்டதால் நீளமான செயின் வேண்டியிருந்தது, அதை அடக்கி வைக்கக் கட்டைகள் வேண்டியிருந்தன. பெல்ட்டுக்கு ஒரு டென்ஷனர் சக்கரம் போதும். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: குறித்த நாளில் மாற்ற வேண்டும். ஆரம்பகால பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பர், உள்ளே கண்ணாடி இழை. சூட்டில் இறுகி வெடிக்கும். 1980களுக்குப் பிறகு சூடு தாங்கும் எச்என்பிஆர் என்ற ரப்பர் வந்தது, ஆயுளும் கூடியது. நம்ம ஊர் மே மாதத்து 42 டிகிரியில், பானட்டுக்குள் அதற்கும் மேலே வேகும் பெல்ட்டுக்கு அது பெரிய வரம்.

இந்தியாவின் கதை 1983 டிசம்பர் 14-ல் ஆரம்பிக்கிறது. இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-ன் சாவி கொடுக்கப்பட்ட நாள். மூன்று சிலிண்டர், 796 சிசி சுசூகி இஞ்சின், மேலே கேம் ஷாஃப்ட், பக்கத்தில் பிளாஸ்டிக் மூடிக்குள் பல் வைத்த பெல்ட். அதே காலத்தில்தான் ஜப்பான் கம்பெனிகள் லாரிக்காகவும் இங்கே கை கோத்தன. ஹைதராபாத் ஆல்வினும் நிஸ்ஸானும் சேர்ந்து ஜஹீராபாத்தில் சின்ன லாரி செய்தது, பிறகு அது மஹிந்திரா கைக்குப் போனது எல்லாம் தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மாருதியோடு வந்தது பெல்ட் மட்டும் இல்லை, ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. இத்தனை கிலோமீட்டருக்கு இதைப் பார், இத்தனைக்கு இதை மாற்று என்று கட்டம் போட்ட அட்டவணை. அம்பாசடர் மெக்கானிக்குக்கு இது புரியவே இல்லை என்கிறார் உஸ்தாத். கெட்டுப்போகாததை எதற்கு மாற்றுவது? சத்தமும் இல்லை, ஒழுகலும் இல்லை, புகையும் இல்லை. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருநாள் அறுந்துவிடும், நடுவில் எச்சரிக்கை என்று ஒன்றும் தராது. அவர் தன் தக்கனி உருதுவில் சொன்னது: "ஆவாஸ் நை கர்தா சாப், சீதா ஜான் லேதா." சத்தம் போடாது, நேரே உயிரை எடுக்கும். காதை நம்பி வளர்ந்த ஒரு தொழிலுக்கு, காதுக்குக் கேட்காத ஒரு சாமான் வந்து சேர்ந்தது. இதைவிடப் பெரிய மாற்றம் அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்ததைக்கூட நான் இதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன்.

ஹைதராபாத்தில் இந்தப் பாடம் உண்மையிலேயே மண்டையில் ஏறியது 1998-க்குப் பிறகுதான். அந்த வருடத்தைப் பாருங்கள். செப்டம்பரில் நம்ம ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சான்ட்ரோ, நவம்பரில் இங்கே சைபர் டவர்ஸ் திறப்பு விழா, வருடக் கடைசியில் டாடா இண்டிகா. 2000-ல் குவாலிஸ். மாதாப்பூரில் ஒவ்வொரு கட்டடமாக எழும்ப எழும்ப, ராத்திரி ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்க டீசல் இண்டிகாவும் குவாலிஸும் படையெடுத்தன. நானும் அந்த குவாலிஸில் கடைசி சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்து போனவன்தான். சான்ட்ரோ, இண்டிகா, குவாலிஸ் மூன்றிலும் டைமிங் பெல்ட். சொந்தக் கார் லட்சம் கி.மீ. ஓட எட்டுப் பத்து வருடம் ஆகும். கேப் வண்டி ஒன்றிரண்டு வருடத்தில் ஓடிவிடும். அதனால் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர் முதலில் கற்றுக்கொண்டது கேப் டிரைவர்களின் செலவில்.

என்ன ஆகும்? சில பெட்ரோல் இஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புது பெல்ட் போட்டால் கிளம்பும். வால்வு முழுக்கத் திறந்து நின்றாலும் பிஸ்டன் அதைத் தொடாத அளவுக்கு இடம் விட்டுச் செய்த இஞ்சின்கள் அவை. டீசலில் அந்தப் பேச்சே இல்லை. காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்க வேண்டும் என்பதால் மேலே இடமே இருக்காது. பெல்ட் அறுந்த நொடியில் கேம் நிற்கும், கிராங்க் ஓடும், திறந்து நிற்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், கைடு உடையும், அதிர்ஷ்டம் கெட்டால் பிஸ்டனிலும் ஓட்டை. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, சாமான் வாங்கி, மறுபடி கட்டி முடிக்க இரண்டு வாரம். கடன் வாங்கி வண்டி எடுத்த டிரைவருக்கு அந்த இரண்டு வாரமும் வருமானம் கிடையாது, ஆனால் மாதத் தவணை நிற்காது. ஒரு பட்டையின் விலையை ஒத்திப் போட்டதற்கு வண்டியையே ஃபைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போன கதைகள் உஸ்தாத்திடம் நிறைய உண்டு.

இப்போது நம் கேள்விக்கு வரலாம். பெல்ட் சரி, மற்றதை ஏன்?

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு மதுரைக்காரர். கோச்சடை ஃபென்னர் ஆலையின் வாசலைப் பார்த்து வளர்ந்தவர், அங்கே செய்வதே பெல்ட்தான், அவருக்கு பெல்ட்டைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியுமா! நாள் தவறாமல் பெல்ட் மாற்றினார். பம்ப் மட்டும் வேண்டாம் என்றார், ஒரு சொட்டு ஒழுகவில்லையே என்று. எட்டு மாதம் கழித்து மே மாதம், பெண்ணுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் துபாயிலிருந்து பத்து நாள் லீவில் வந்து காத்திருக்கிறார், அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நாலரை மணிக்கே கிளம்பினார்கள். கர்நூல் தாண்டி டோன் பக்கம் வரும்போது பம்ப்பின் பேரிங் இறுகிப் போனது. அந்த இஞ்சினில் பம்ப்பை ஓட்டுவதும் டைமிங் பெல்ட்தான். பம்ப் நின்றது, பெல்ட் அதன் மேல் தேய்ந்து பல் மொத்தமும் உதிர்ந்தது. எட்டு மாதப் புது பெல்ட். வண்டியைக் கொக்கி போட்டுக் கர்நூலுக்கு இழுத்துவிட்டு, மாமியார், இரண்டு பிள்ளைகள், தாம்பூலத் தட்டு மூட்டைகளோடு பெங்களூருக்கு ஒரு பஸ், மதுரைக்கு ஒரு பஸ். காலை முகூர்த்தம் போய்விட்டது. பூசாரி மனமிரங்கி சாயங்காலத்துக்கு மாற்றிக் கொடுத்தார். ஹெட் வேலைக்கு ஆன செலவில் அப்படிப்பட்ட பம்ப் ஏழெட்டு வாங்கியிருக்கலாம்.

வாட்டர் பம்ப்புக்குள் ஒரு பேரிங், ஒரு சீல், ஒரு விசிறி. சீல் தேய்ந்தால் கூலன்ட் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கசியும். அது பெல்ட் மேல் படும். இதோடு ஹைதராபாத்துக்கென்று ஒரு விசேஷம் உண்டு. இங்கே போர்வெல் தண்ணீர் எப்படி என்று பக்கெட்டின் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கூலன்ட் குறைந்தால் அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் பம்ப்பின் சீலைச் சீக்கிரமே கொன்றுவிடும். கம்பெனி சொன்ன கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஊற்றுவதுதான் முறை.

டென்ஷனரும் ஐட்லரும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரங்கள். உள்ளே சீல் வைத்த பேரிங், ஃபாக்டரியில் வைத்த கிரீஸ்தான் ஆயுள் முழுக்க. பெல்ட் ஓடிய அத்தனை கிலோமீட்டரும் அவையும் ஓடியிருக்கின்றன.  பழைய பேரிங் மேல் புது பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் அது எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. (பேரிங் என்றதும் மௌலாலி ஞாபகம் வருகிறது. அங்கே எச்எம்டி பேரிங்ஸ் ஆலை இருந்தது. 2016-ல் அதை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்.)

ஆயில் சீல் விலை குறைவு, சேதம் பெரிது. கிராங்க் முன்பக்கத்தில் ஒன்று, கேம் முனையில் ஒன்று. ஆயில் கசிந்து பெல்ட்டில் ஊறினால் ரப்பர் உப்பும், பல் இளகும். இந்த சீலை மாற்ற பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

கணக்கு இங்கேதான் இருக்கிறது. பெல்ட்டை எட்ட வேண்டுமென்றால் முன் சக்கரத்தைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏசி பெல்ட்டை அவிழ்த்து, பல கார்களில் இஞ்சினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து மவுண்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லியின் நட்டோடு மல்யுத்தம் செய்து, மூடியைத் திறக்க வேண்டும். பெல்ட் மட்டும் மாற்றினாலும் அதே வேலை, எல்லாம் மாற்றினாலும் கிட்டத்தட்ட அதே வேலை. பம்ப்பை வேறு பெல்ட் ஓட்டும் சில இஞ்சின்களில்கூட, பம்ப்பை வெளியே எடுக்க டைமிங் மூடிக்குள் கை வைத்தாக வேண்டும். ஆறு மாதம் கழித்து பம்ப் ஒழுகினால் மொத்தக் கூலியும் மறுபடி. அந்த பெல்ட்டையும் திரும்ப மாட்ட எந்த நல்ல மெக்கானிக்கும் சம்மதிக்க மாட்டார். பெல்ட் கம்பெனிகளே இப்போது பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கின்றன, கூடவே பம்ப்பும் வைத்த பெரிய பெட்டியும் உண்டு. நியூஜெர்சியில் இருக்கும் என் மைத்துனரின் ஹோண்டா ஒடிஸிக்கும் அங்கே பெல்ட்டும் பம்ப்பும் சேர்த்த ஒரே பேக்கேஜாகத்தான் விலை சொன்னார்களாம். ஆக, இது ஹைதராபாத் மெக்கானிக்கின் கண்டுபிடிப்பு இல்லை.

உஸ்தாத் இதில் கறார். என் பழைய டீசலுக்கு அவரிடம் போனபோது எனக்கு முன்னால் ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உஸ்தாத் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பம்ப் நக்கோ போலே தோ பெல்ட் பீ நக்கோ." பம்ப் வேண்டாமென்றால் பெல்ட்டும் வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு போ. நாளைக்கு நடுரோட்டில் நின்றால் வண்டிக்காரர் பம்ப்பைத் திட்டமாட்டார், கடைசியாகக் கை வைத்தவரைத்தான் திட்டுவார். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவும் அவர் அப்படி இருக்கிறார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் கிராங்க்கையும் கேமையும் குறிக்கு நேராகக் கொண்டு வந்தார். புதிதை மாட்டி டென்ஷன் வைத்த பிறகு சாவியைத் தொடவே இல்லை. கிராங்க் நட்டில் ஸ்பேனரைப் போட்டு, இஞ்சின் ஓடும் திசையில் கையாலேயே இரண்டு முழுச் சுற்று. கேமுக்கு அது ஒரு சுற்று. மறுபடி குறிகள் நேருக்கு நேர் வந்தனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கையால் சுற்றும்போது எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், செல்ஃப் அடித்தால் நிறுத்த முடியாது. கடைசியில் மூடிமேல் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு ஸ்டிக்கர். கூலி 2800 ரூபாய். சாமான்களை முந்தின நாள் ராணிகஞ்சில் நானே வாங்கி வந்திருந்தேன். செகந்திராபாத் ராணிகஞ்ச் தெரியாதவர்களுக்கு: நம்ம புதுப்பேட்டை மாதிரி, ஆனால் புதுச் சாமான். போலியும் உண்டு என்பதால் பில் கொடுக்கும் கடையில், பெட்டி பிரிக்காமல் வாங்குங்கள்.

மாற்றும் நாளை வண்டியே ஞாபகப்படுத்தும் ஏற்பாடும் ஒரு கட்டத்தில் வந்தது. 2005-ல் வந்த பழைய இன்னோவா டீசலில் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு, குறித்த கிலோமீட்டர் ஓடியதும் எரியும். பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை அது, ஓடோமீட்டரைப் பார்த்து எரிகிறது. 2016-ல் கிரிஸ்டா வந்தபோது பெல்ட்டும் போனது, விளக்கும் போனது, செயின் திரும்பி வந்துவிட்டது. மாருதியும் 2010-ல் ஆல்டோ கே10-ல் செயினுக்குப் போனது. ஆனாலும் 800 சிசி இஞ்சினில் பெல்ட் கடைசிவரை இருந்தது, ஆல்டோ 800-ஐ 2023-ல் நிறுத்தும் வரைக்கும்.

செயின் என்றால் கவலையே இல்லை என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். இந்தக் காலத்துச் செயின் மெலிசு, ஆயிலை நாள் தள்ளி மாற்றினால் நீளும், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் தேயும். நடுவில் பெல்ட்டையே ஆயிலுக்குள் ஓடவிடும் யோசனையும் வந்தது. நம்ம மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் இஞ்சினில் அப்படித்தான். அங்கிருந்து அமெரிக்காவுக்கும் அந்தக் கார் கப்பலேறியது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த இஞ்சின் உள்ள கார்களைத் திரும்ப அழைத்தார்கள், காரணம் டைமிங் பெல்ட் இல்லை, ஆயில் பம்ப்பை ஓட்டும் இன்னொரு பெல்ட்டும் அதன் டென்ஷனரும்! அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் விஷயத்தில் கம்பெனி சொன்ன கிரேடைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

செகண்ட் ஹாண்டில் கார் வாங்கும் குடும்பங்களுக்கு இரண்டு வார்த்தை. முந்தைய ஓனர் "இப்பதாங்க மாத்துனேன்" என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில்லில் பெல்ட் மட்டும் இருக்கிறதா, பம்ப்பும் டென்ஷனரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்றுதான் கணக்கு. கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பருக்கு வயசாகும், வருடக் கணக்கும் புத்தகத்தில் போட்டிருக்கும். மாற்றிய பிறகு பழைய சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் பாருங்கள். டென்ஷனர் சக்கரத்தை விரலால் சுண்டிவிடுங்கள். புதிது கிரீஸோடு கனமாகச் சுற்றி நிற்கும். காய்ந்துபோனது பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், காதருகே வைத்தால் கரகரவென்று கேட்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் கூலி, சாமான் விலை எல்லாம் எப்படி என்று எழுதுங்களேன். எதிர் ஃப்ளாட்காரர் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறார். அடுத்த மே மாதம் தம்பி பெண்ணுக்குக் காதுகுத்தாம்.